மாணவர் குழு ஆலோசனைத் திட்டங்கள்: மனிதாபிமான, வளர்ச்சிப் பணிகளில் பயன்படும் ஆய்வை எப்படிச் செய்வது?

இலண்டன் பொருளியல் பள்ளி, நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் பன்னாட்டு வளர்ச்சியும் மனிதாபிமானப் பணியும் பயிலும் முதுநிலை மாணவர்கள் சிறு குழுவாக இணைந்து, ஐ.நா. அமைப்புக்கோ தொண்டு நிறுவனத்துக்கோ சில மாதங்களில் ஓர் ஆய்வை முடித்துக் கொடுப்பது வழக்கம். காலமும் கள அனுபவமும் குறைந்த ஒரு குழு அந்த நிறுவனத்துக்கு உண்மையிலேயே பயன்பட வேண்டுமென்றால், சிறிய கேள்வி ஒன்றை எடுத்துக்கொண்டு அதற்கு நேர்மையாக விடை தேடுவதே வழி என்பது என் உறுதியான கருத்து.

முதலில் கைக்கு வரும் பணி வரையறை பெரும்பாலும் அகன்றே இருக்கும். ‘எங்கள் முகாம்களில் தண்ணீர் வழங்கும் திட்டத்தின் தாக்கத்தை மதிப்பிடுக’ என்று அது கேட்பதாக வைத்துக்கொள்வோம். அதை அப்படியே ஏற்று வேலையைத் தொடங்கக் கூடாது. இந்த அறிக்கையை யார் படிப்பார், அதைக் கொண்டு எந்த முடிவை எப்போது எடுக்கப்போகிறார் என்று முதல் சந்திப்பிலேயே கேளுங்கள். நிதி விண்ணப்பத்துக்கு முன் புதிய குழாய்களை எங்கே அமைப்பது என்று முடிவு செய்ய வேண்டியிருக்கிறது என்ற பதில் வந்தால், அவர்களுக்குத் தேவைப்படுவது தாக்க மதிப்பீடே அன்று என்பது விளங்கிவிடும். திட்டத்துக்கு முந்தைய தரவோ ஒப்பிட வேறொரு குழுவோ இல்லாத நிலையில் தாக்கத்தை அளந்துவிட்டதாக எழுதுவது தவறும்கூட. சுருக்கிய கேள்வியையும், இந்த ஆய்வில் எவை அடங்கா என்பதையும் ஒரு தொடக்க அறிக்கையாக எழுதி அனுப்பி, எழுத்துப்பூர்வமான ஒப்புதலைப் பெற்ற பிறகே மேலே செல்லுங்கள். அறிக்கையை வெளியிடலாமா, நிறுவனத்தின் உள் ஆவணங்களை மேற்கோள் காட்டலாமா என்பவற்றையும் அப்போதே பேசி முடித்துவிட வேண்டும்.

மதிப்பீட்டு ஆய்வென்றால் ஓ.இ.சி.டி. எனப்படும் பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பின் வளர்ச்சி உதவிக் குழு வகுத்த அளவுகோல்கள் கட்டாயம் எதிர்ப்படும். 1991இல் ஐந்தாக வகுக்கப்பட்ட அவை, 2019இல் ஒத்திசைவு சேர்க்கப்பட்டு, பொருத்தப்பாடு, ஒத்திசைவு (பிற திட்டங்களோடு இசைந்து போவது), பயன்விளைவு (நோக்கம் நிறைவேறியதா என்பது), செயல்திறன் (வளங்களைச் சிக்கனமாகப் பயன்படுத்துவது), தாக்கம், நீடிப்புத்தன்மை என ஆறாயின. ஆறையும் ஒரே அறிக்கையில் திணிக்கும் ஆசை மாணவர் குழுக்களுக்கு எளிதில் வரும். நோக்கத்தைப் பொறுத்துத் தேர்ந்து பயன்படுத்த வேண்டும், இயந்திரத்தனமாகப் பொருத்தக் கூடாது என்று 2019ஆம் ஆண்டின் வழிகாட்டுதலே சொல்கிறது. இரண்டை எடுத்து ஆழமாகப் பார்த்தாலே போதும்.

நேர்காணலுக்கு முன் ஆவண ஆய்வை முடித்துவிடுங்கள். 1996இல் தொடங்கப்பட்டு, ஐ.நா. மனிதாபிமான ஒருங்கிணைப்பு அலுவலகம் நடத்திவரும் ரிலீஃப்வெப் தளத்தில் நிலவர அறிக்கைகளும், 2014இல் அந்த அலுவலகம் தொடங்கிய மனிதாபிமானத் தரவுப் பரிமாற்றத் தளத்தில் எண்ணியல் தரவுகளும் கிடைக்கும். ஆனால் எண்களைப் படிக்கும்போது மிகுந்த கவனம் வேண்டும். மனிதாபிமான உதவிக்கான குறைந்தபட்சத் தரங்களைத் தொகுத்துத் தரும் ஸ்ஃபியர் கையேடு ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீர் என்று சொல்வதோடு, வீட்டிலிருந்து நீர் பிடிக்கும் இடம் 500 மீட்டருக்குள் இருக்க வேண்டும், வரிசையில் நிற்கும் நேரம் 30 நிமிடத்துக்குள் அடங்க வேண்டும் என்றும் வரையறுக்கிறது. முகாமின் சராசரி 15 லிட்டரைத் தாண்டியிருந்தும், கடைக்கோடியில் இருக்கும் முதியவரும் மாற்றுத்திறனாளியும் நடக்க வேண்டிய தூரம் அந்தச் சராசரியில் தெரிவதில்லை. குழாயை எங்கே அமைப்பது என்ற கேள்விக்கு விடை அங்கேதான் இருக்கிறது.

மக்களிடம் நேரடியாகப் பேசுவது குறித்துத் தயக்கமின்றிச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு: வேறு வழியில் கிடைக்கும் தகவலுக்காகத் துயரத்தில் இருப்பவரை மீண்டும் பேச வைக்காதீர்கள். பாலியல் வன்முறையை நெருக்கடிச் சூழலில் ஆய்வு செய்வது பற்றி உலக சுகாதார அமைப்பு 2007இல் வெளியிட்ட பரிந்துரைகள், பாதிக்கப்பட்டோருக்கான அடிப்படைப் பராமரிப்பும் ஆதரவும் அந்த இடத்திலேயே கிடைக்கும் நிலை இருந்தால்தான் அத்தகைய தகவல் சேகரிப்பையே தொடங்கலாம் என்கின்றன. அந்த ஏற்பாட்டை ஒரு மாணவர் குழு பொதுவாகச் செய்ய இயலாது. ஆகவே பாதிக்கப்பட்டோரை நேர்காணாமல், களப்பணியாளரிடமும் சேவை வழங்குவோரிடமும் பேசுவதே முறை. யாரிடம் பேசினாலும், பல்கலைக்கழக அறநெறிக் குழுவின் அனுமதியையும் பேசுபவரின் முழுமையான ஒப்புதலையும் முன்கூட்டியே பெறுங்கள். மறுத்தாலும் உதவி நின்றுவிடாது என்பதை அவர் புரிந்துகொண்டால்தான் அது ஒப்புதல். பெயர்களையும் துல்லியமான இருப்பிடங்களையும் குறிப்புகளிலிருந்து தொடக்கத்திலேயே நீக்கிவிடுங்கள்.

குழுவுக்குள், நிறுவனத்துடன் தொடர்புகொள்ளும் பொறுப்பை ஒருவரிடமே கொடுங்கள். ஐந்து பேர் ஐந்து மின்னஞ்சல் அனுப்பினால், ஏற்கெனவே பணிச்சுமையில் இருக்கும் அலுவலர் எதற்கும் பதிலளிக்க மாட்டார்.

எழுதும்போது, ஒவ்வொரு பரிந்துரையையும் யார் செய்ய வேண்டும், எப்போதைக்குள், எந்தச் சான்றின் அடிப்படையில் என்று தெளிவாக்குங்கள். ‘ஒருங்கிணைப்பை மேம்படுத்த வேண்டும்’ என்பது போன்ற வரி யாரையும் எதையும் செய்ய வைக்காது. வரைவை இறுதி நாளுக்குச் சில வாரங்கள் முன்னரே களப்பணியாளரிடம் காட்டினால், நடைமுறைக்கு ஒவ்வாதவற்றை அவர்களே சுட்டிக்காட்டுவார்கள். நேர்காணலுக்கு நேரம் ஒதுக்கியவர்களுக்கு, அவர்கள் மொழியில் இரண்டு பக்கச் சுருக்கம் ஒன்றை அனுப்புங்கள். அதற்கான மொழிபெயர்ப்புச் செலவையும் நாட்களையும் தொடக்க அறிக்கையின் பணித்திட்டத்திலேயே எழுதி வைத்தால்தான் அது கடைசி நேரத்தில் கைவிடப்படாமல் நடக்கும்.