சேலத்தில் முதல் வாடகைக் கட்டிடம்: வங்கிக் கடனுக்குப் போகும் முன் போட வேண்டிய கணக்கு

அழகாபுரத்திலோ சூரமங்கலத்திலோ ஆறு வீடு கொண்ட கட்டிடம் விலைக்கு வந்தால், "வாடகையே தவணையைக் கட்டிடும்ங்க" என்பார் தரகர். கட்டாது. முதலில் கணக்கு.

1. வாடகை எவ்வளவு கடனைத் தாங்கும்?

வீட்டுக்கு 9,000 என்றால் ஆறு வீட்டுக்கு மாதம் 54,000, வருடத்துக்கு 6.48 லட்சம். சொத்துவரி, மோட்டார் பழுது, பெயின்ட், வீடு பூட்டிக் கிடக்கும் மாதங்கள் என்று ஐந்தில் ஒரு பங்கைக் கழியுங்கள். நிற்பது சுமார் 5.18 லட்சம். இது வருடத் தவணையைவிட 1.25 மடங்காவது இருக்கிறதா என்று வங்கி பார்ப்பதாக வைத்துக்கொள்வோம். அப்படியானால் மாதத் தவணை 34,500-ஐத் தாண்டக் கூடாது. 10.5 சதவீத வட்டி, 15 வருடம் என்றால் லட்சத்துக்குத் தவணை சுமார் 1,105. ஆக, வாடகை தாங்குவது 31 லட்சம்தான்.

விலை ஒரு கோடி என்றால் மீதி 69 லட்சம்? சம்பளம், கடை வருமானத்தை வரிக் கணக்கோடு காட்டினால் கடன் கூடும். ஆனால் அந்தக் கூடுதல் தவணை உங்கள் கையிலிருந்துதான் போகும். போதாததற்கு முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 சதவீதம்: கோடிக்கு 9 லட்சம். இதையும் கையில் வைத்திருங்கள்.

2. குடியிருப்பவர்களிடம் பேசுங்கள்

யாராவது போக்கியத்துக்கு இருந்தால் அந்த வீட்டில் மாத வாடகை பூஜ்யம். காலி செய்யும்போது போக்கியப் பணம் கேட்டு உங்களிடம்தான் வருவார்கள். வாடகைக்காரர்களின் அட்வான்ஸும் அப்படியே. இரண்டையும் எழுதி வாங்கி, விலையில் கழித்துக்கொள்ளுங்கள்.

3. பத்திரமும் பிளானும்

30 வருட வில்லங்கச் சான்று (சொத்தின் மேல் நடந்த பதிவுகளின் பட்டியல்), மூலப்பத்திரம் (சொத்து முன்பு கைமாறிய பழைய பத்திரம்), பட்டா, சொத்துவரி ரசீது ஆகியவற்றை வங்கி வக்கீலிடம் கொடுக்கும் முன் உங்கள் வக்கீல் ஒருவரிடம் ஒருமுறை காட்டிப் பாருங்கள்.

கடன் பெரும்பாலும் சிக்குவது பிளானில். அனுமதி கீழ்த்தளத்துக்கும் முதல் மாடிக்கும் இருக்கும். இரண்டாம் மாடி பிறகு எழும்பியிருக்கும். வங்கி அனுப்பும் வேல்யூயர் கையில் பிளானோடு படியேறி, அந்த மாடியை மதிப்பிலிருந்து அடித்துவிடலாம். அதன் வாடகையும் கூடவே போகும். அங்கே இரண்டு வீடு என்றால், மேலே போட்ட 31 லட்சம் 21 ஆகிவிடும். (ஏற்காடு என்றால் மலைப்பகுதிக் கட்டிட விதிகள் தனி, அனுமதி இல்லாத காட்டேஜை முதல் முயற்சியில் தொடாதீர்கள்.)

4. அக்ரிமென்ட்

கிரயம் முடிக்க விற்பவரிடம் மூன்று மாத அவகாசம் கேளுங்கள். பத்திரக் குறையாலோ பிளான் குறையாலோ கடன் மறுக்கப்பட்டால் முன்பணம் திரும்ப வேண்டும் என்ற வரியைச் சேருங்கள். அது இல்லாமல் முன்பணம் கொடுப்பது சூதாட்டம். விற்பவர் விலையைக் குறைத்து எழுதி மிச்சத்தை ரொக்கமாகக் கேட்டால் மறுத்துவிடுங்கள். பத்திர விலை, மதிப்பீடு இரண்டில் எது குறைவோ அதை வைத்தே வங்கி கடன் கொடுக்கும். 20,000 அல்லது அதற்கு மேல் ரொக்கம் கைமாறினால் வருமான வரிச் சிக்கல் வேறு.

5. கிரய நாள்

விலை 50 லட்சம் அல்லது அதற்கு மேல் என்றால் விற்பவருக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு சதவீதம் டிடிஎஸ் (அவர் கணக்கில் முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) பிடித்து நீங்கள்தான் கட்ட வேண்டும். விற்பவர் பெயரில் பழைய கடன் இருந்தால் அவர் வங்கியிடம் பாக்கித் தொகைக் கடிதமும், அங்கிருக்கும் அசல் பத்திரங்களின் பட்டியலும் முன்கூட்டியே வாங்குங்கள். பட்டியலில் ஒரு தாள் குறைந்தாலும் உங்கள் வங்கி செக்கை நிறுத்தி வைக்கும். கிரயம் முடிந்த கையோடு பட்டா, சொத்துவரி, ஒவ்வொரு வீட்டு மின் இணைப்பு, மாடிப்படி விளக்குக்கும் மோட்டாருக்குமான பொது இணைப்பு எல்லாவற்றையும் பெயர் மாற்றுங்கள்.