மாவுக்கட்டுக்கு வெளியே இருக்கும் விரல்கள்: கை முறிந்தவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்காசிப் பக்கம் சாரல் தொடங்கினால் எங்கள் பிசியோதெரபி அறையில் கூட்டம் கூடிவிடும். முற்றத்தில் பாசி, கிணற்றடியில் பாசி, வாசற்படியில் ஈரம். வழுக்கி விழும்போது யாருக்கும் கை தானாக முன்னால் நீளும். உடம்பின் எடை மொத்தமும் உள்ளங்கை வழியாக மணிக்கட்டில் இறங்க, முன்கை எலும்பு மணிக்கட்டுக்குச் சற்று மேலே ஒடிந்துவிடும். மருத்துவமனைச் சீட்டில் 'காலிஸ்' என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் இந்த முறிவுதான். எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்படுவதற்கு வெகு காலம் முன்பே, 1814-ல், அயர்லாந்து அறுவை மருத்துவர் ஆபிரகாம் காலிஸ் இதை விவரித்திருக்கிறார்.

வருபவர்கள் ஒவ்வொரு வருடமும் புதியவர்கள். தவறுகள் மட்டும் பழையவை. கட்டை நனைக்காதீர்கள், மாத்திரையை விடாதீர்கள் என்பதெல்லாம் சீட்டிலேயே இருக்கும். அவற்றை விட்டுவிடுகிறேன். சீட்டில் இல்லாததால் கெட்டுப்போகும் விஷயங்களை மட்டும் எழுதுகிறேன்.

மோதிரமும் வளையலும்

விழுந்த அந்த நிமிடமே கழற்றுங்கள். இரண்டு மணி நேரம் கழித்து என்றால் வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

கட்டுப் போட்ட கைக்கு முழு ஓய்வு கொடுப்பது

இத்தனை வருடம் கழித்தும் எனக்குக் கோபம் வருவது இந்த ஒன்றில்தான்.

பீடி சுற்றும் ஒரு அம்மா வந்தார். ஐம்பதைத் தாண்டிய வயது. முற்றத்தில் வழுக்கி வலது மணிக்கட்டு ஒடிந்து, ஆறு வாரம் மாவுக்கட்டு போட்டிருந்து, பிரித்த பிறகு எங்களிடம் அனுப்பப்பட்டவர். எக்ஸ்ரேயில் எலும்பு அருமையாகச் சேர்ந்திருந்தது. டாக்டர் செய்த வேலையில் ஒரு குறையும் இல்லை. ஆனால் கையை நீட்டச் சொன்னால் விரல்கள் ஐந்தும் விறைத்து நின்றன. "எலும்பு சேந்துட்டுன்னு சொல்லுதாவ, விரலு மடங்க மாட்டேங்கே" என்றார். இலையை வெட்டி, தூளை வைத்து, சுருட்டி, நுனியை மடக்கி, நூலைச் சுற்றுவது எல்லாமே விரல்நுனி வேலை. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குபவருக்கு விரல் மடங்காவிட்டால் வருமானமே இல்லை.

அந்த ஆறு வாரமும் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். ஒன்றுமே செய்யவில்லையாம். மகள் சோறு ஊட்டியிருக்கிறாள், தலை வாரிவிட்டிருக்கிறாள். விரலை லேசாக அசைத்தால்கூட, பார்க்க வந்த சொந்தக்காரர்கள் "ஏட்டி, அசைக்காத, எலும்பு விலகிரும்" என்று அதட்டியிருக்கிறார்கள். அத்தனையும் பாசத்தில் செய்ததுதான். ஆனால் அந்தக் கையைக் கெடுத்தது அதுதான்.

டாக்டர் "கையை அசைக்கக் கூடாது" என்று சொல்வது முறிந்த மணிக்கட்டை மட்டும். அதைத்தான் மாவுக்கட்டு பிடித்துக்கொண்டிருக்கிறதே! கட்டுக்கு வெளியே தெரியும் விரல்களும், மேலே இருக்கும் தோளும் அசைய வேண்டும் என்பதால்தான் அவற்றைக் கட்டாமல் விட்டிருக்கிறார்கள்.

அசைக்காவிட்டால் உள்ளே என்ன நடக்கிறது? முறிந்த இடத்தில் ஊறும் நீர் புறங்கையில் தேங்குகிறது. வீங்கிய புறங்கை விரல்களை நேராக நிற்க வைக்கிறது. விரல் முட்டியின் இரண்டு பக்கமும் மூட்டைப் பிடித்திருக்கும் தசைநார்கள் உண்டு. விரல் மடங்கும்போது அவை இழுபட்டு நீள வேண்டும். நேராக நிற்கும்போது தளர்ந்திருக்கும். வாரக்கணக்கில் தளர்ந்தே கிடந்தால் அந்த அளவுக்கே சுருங்கிவிடும். அப்புறம் நீங்கள் எவ்வளவு மடக்க நினைத்தாலும் அவை நீண்டு கொடுக்காது. விரல்களை இழுக்கும் நாண்களும் தாங்கள் வழுக்கி ஓட வேண்டிய உறையோடு ஒட்டிக்கொள்ளும். சுருங்கியதை மறுபடி நீட்ட மாதக்கணக்கில் ஆகும். சிலருக்கு முழுதாக வருவதே இல்லை. எலும்பு சேர ஆறு வாரம், அதன் பிறகு கையை மீட்க ஆறு மாதம் என்று அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கட்டுப் போட்ட அன்றே விரல்களை அசைத்திருந்தால் இதில் பெரும்பகுதி வந்தே இருக்காது.

சரி, என்ன செய்ய வேண்டும்? விழித்திருக்கும் நேரத்தில் மணிக்கு ஒரு தடவை, ஒவ்வொன்றும் பத்து முறை. விரல்களை முழுக்க நீட்டுங்கள். அடிமுட்டியை, அதாவது விரல் உள்ளங்கையோடு சேரும் மூட்டை, நேராக வைத்து மேல் இரண்டு கணுக்களை மட்டும் கொக்கி மாதிரி மடக்குங்கள். அடுத்து, விரல்கள் நேராக இருக்க, அடிமுட்டியில் மட்டும் மடக்குங்கள். பிறகு முழுக்க முஷ்டி பிடியுங்கள். விரல்களை அகல விரித்துச் சேருங்கள். கட்டைவிரல் நுனியால் மற்ற நான்கு நுனிகளையும் ஒவ்வொன்றாகத் தொடுங்கள். முதல் சில நாள் வலிக்கும், பாதிதான் மடங்கும். அந்தப் பாதியைச் செய்யுங்கள், மறுநாள் கொஞ்சம் கூடும். ஒடிந்தது விரல் எலும்போ உள்ளங்கை எலும்போ என்றால் கணக்கு வேறு. அப்போது டாக்டரைக் கேட்காமல் எதையும் செய்யாதீர்கள்.

தோளை எல்லோருமே மறக்கிறார்கள். கழுத்துப் பட்டையில் கையைப் போட்டுவிட்டால் அதோடு விட்டுவிடுகிறார்கள். தினம் நாலைந்து தடவை பட்டையிலிருந்து கையை எடுத்து, தலைக்கு மேலே தூக்கி இறக்குங்கள். கட்டு முழங்கைக்குக் கீழேயே முடிந்திருந்தால் முழங்கையையும் மடக்கி நீட்டுங்கள். மணிக்கட்டு ஒடிந்து வந்தவர், கட்டுப் பிரிக்கும்போது தோள்பட்டை இறுகிப்போய் ரவிக்கை கொக்கி மாட்ட முடியாமல் நிற்பது எங்கள் அறையில் அடிக்கடி பார்க்கும் காட்சி. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குத் தோள் இன்னும் சீக்கிரம் இறுகும்.

இன்னொன்று, கட்டின் நீளம். உள்ளங்கையில் விரல்களுக்குக் கீழே குறுக்காக ஓடும் ரேகையை, கைரேகை பார்ப்பவர்கள் இருதய ரேகை என்பார்கள். மாவுக்கட்டு அந்த ரேகைக்கு முன்பாகவே நின்றுவிட வேண்டும். தாண்டியிருந்தால் நீங்கள் எவ்வளவு முயன்றாலும் அடிமுட்டி மடங்காது. கட்டுப் போட்ட அன்றே மடக்கிப் பாருங்கள், முட்டினால் அங்கேயே சொல்லி வெட்டிவிடச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை. கூச்சப்பட்டு வீட்டுக்கு வந்துவிடாதீர்கள்.

புதிதாக வேலைக்குச் சேரும் பிசியோதெரபிஸ்டுகளுக்கும் இதையே சொல்கிறேன். கட்டுப் பிரித்த பிறகு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்; மாவு காய்வதற்குள் போய் விரல் பயிற்சியைச் சொல்லிக் கொடுங்கள். நோயாளியிடம் மட்டும் சொன்னால் போதாது. கூட வந்திருக்கும் அண்ணி, மாமியார், மகன் எல்லோரையும் நிற்க வைத்துச் சொல்லுங்கள். வீட்டில் "அசைக்காதே" என்று அதட்டப் போவது அவர்கள்தான்.

கையைத் தொங்கவிடுவது

பட்டையில் முழங்கையை விட மணிக்கட்டு உயரமாக இருக்க வேண்டும். முதல் வாரம், உட்காரும்போதும் படுக்கும்போதும் தலையணை மேல் வைத்து நெஞ்சுக்கு மேலே தூக்கி வையுங்கள். வீக்கம் குறைந்தால்தான் விரல் மடங்கும்.

"கட்டுன்னா வலிக்கத்தான் செய்யும்"

இந்தப் பேச்சு கையையே பறித்துவிடும். கட்டுப் போட்ட பிறகு வலி குறைய வேண்டும். மாத்திரைக்கும் கேட்காமல் கூடிக்கொண்டே போனால், விரல்கள் மரத்தால், நிறம் வெளுத்தால் அல்லது நீலமானால், வேறொருவர் விரலை மெல்ல நீட்டிவிடும்போது உயிர் போகிற மாதிரி வலித்தால், நடுராத்திரி ஆனாலும் மருத்துவமனைக்குப் போங்கள். வீக்கம் உள்ளே இறுகி, தசைக்குப் போகும் ரத்தத்தை அடைக்கிறது. ஆறு மணி நேரத்தை ஒட்டியே தசை சாக ஆரம்பித்துவிடும். விடியட்டும் என்று காத்திருந்தால் கை நிரந்தரமாக மடங்கி, பருந்தின் கால்நகம் மாதிரி வளைந்துவிடும். ஜெர்மானிய அறுவை மருத்துவர் வோல்க்மன் 1881-லேயே இதை இறுக்கமான கட்டோடு தொடர்புபடுத்தி எழுதினார்.

மருத்துவமனைக் கட்டிலும் இது வரும். ஆனால் எக்ஸ்ரே கூட எடுக்காமல், மூங்கில் தப்பை வைத்து இறுக்கி, 'புத்தூர் கட்டு' என்று பலகை மாட்டிய இடத்தில் போட்டுக்கொண்டு வருபவர்களிடம்தான் அதிகம் பார்க்கிறேன். குழந்தைகளின் முழங்கை முறிவுக்கு அங்கே போகவே போகாதீர்கள். தயவுசெய்து.

கட்டுக்குள் ஈர்க்குச்சி விட்டுச் சொறிவது

வேண்டாம். உள்ளே கீறினால் புண்ணாகும், அது வெளியே தெரியாது.

பிரித்த பிறகு எண்ணெய் போட்டு இழுத்துவிடுவது

யாரையாவது கூப்பிட்டு நீவி, முறுக்கி, 'சொடக்கு எடுத்து' விடச் சொல்கிறார்கள். முழங்கையில் இதைச் செய்தால் தசைக்குள்ளேயே எலும்பு வளர்ந்து மூட்டு ஒரேயடியாகப் பூட்டிக்கொள்ளலாம். வெந்நீரில் பத்து நிமிடம் கையை வைத்திருந்துவிட்டு நீங்களே மடக்கி நீட்டுவதுதான் நல்லது. கை நெருப்பாய் எரிகிறது, தோல் பளபளக்கிறது, காரணமில்லாமல் வியர்க்கிறது, துணி பட்டாலே தாங்கவில்லை என்றால் அது வேறு பிரச்சினை. சீக்கிரம் சொன்னால்தான் சரிசெய்ய வழி இருக்கும்.

ஆட்டுக்கால் சூப்

பிடித்தால் குடியுங்கள். பிரண்டைத் துவையலும் சாப்பிடுங்கள். ஆனால் முட்டை, பருப்பு, மீன், பால், கேழ்வரகு இவற்றைக் குறைத்துவிட்டு சூப்பை மட்டும் நம்பாதீர்கள். கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேலே கால்சியம் இருக்கிறது. பீடி, சிகரெட் பழக்கம் உள்ளவர்கள் எலும்பு சேரும் வரைக்குமாவது நிறுத்துங்கள். புகை எலும்பு சேர்வதைத் தாமதமாக்கும்.

கால் முறிந்தவர்களுக்குக் கைத்தடி

அடிபட்ட காலுக்கு எதிர்க் கையில்.

"வழுக்கி விழுந்தேன், அவ்வளவுதான்"

நின்ற இடத்தில் விழுந்ததற்கே எலும்பு ஒடிகிறது என்றால், ஐம்பது வயதுக்கு மேல் அதை விபத்து என்று மட்டும் நினைத்து விடக் கூடாது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பு அடர்த்தி வேகமாகக் குறையும். அது குறைந்திருப்பது பலருக்கும் இந்த மணிக்கட்டு முறிவில்தான் முதலில் தெரியவருகிறது. அப்போது கவனிக்காமல் விட்டால், அடுத்த விழுகையில் இடுப்பு எலும்பு ஒடியலாம். கட்டுப் பிரிக்கப் போகும்போது "டெக்ஸா ஸ்கேன் எடுக்கணுமா டாக்டர்?" என்று நீங்களாகவே கேளுங்கள். எலும்பு அடர்த்தியை அளக்கும் ஸ்கேன் அது. ஊசி இல்லை, வலி இல்லை, கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அடர்த்தி குறைவு என்று வந்தால் வாரம் ஒரு மாத்திரையோ வருடத்துக்கு ஒரு ஊசியோ எழுதித் தருவார்கள். மாத்திரை என்றால், காலையில் வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கிவிட்டு அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். காபி அதற்கு அப்புறம்தான்.