டேட்டா லாகரை முதன்முறை கணினியில் இணைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மழைக்காலத்தில் மொரீசியசின் வாக்குவாப் பக்கம் ஓர் அந்தூரியப் பசுமைக்குடிலில், புதிதாக வேலைக்கு வந்த இரண்டு இளைஞர்கள், வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் பதியும் சிறு லாகர் ஒன்றை மடிக்கணினியில் செருகிக்கொண்டிருந்தார்கள். அருகில் நின்று பார்த்தேன். நான் இந்த வேலைக்கு வந்த புதிதில் செய்த தவறுகளை, ஏறத்தாழ அதே வரிசையில், அவர்களும் செய்தார்கள். ஒருவருடைய விரல் திரையின் நடுவிலிருந்த பெரிய பொத்தானுக்குப் போனபோது, “தம்பி, அதைத் தொடாதே” என்று குரலை உயர்த்த வேண்டியதாயிற்று. “அண்ணா, தப்பென்றால் கணினியே எச்சரிக்குமே” என்றார் அவர். அந்தப் பதிலுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மின்கலம் தீர்ந்திருப்பது, செருகியை முழுவதும் அழுத்தாமல் விடுவது போன்றவற்றை யாரும் ஐந்து நிமிடத்தில் தாமே கண்டுகொள்வார்கள் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

டிரைவரை நிறுவாமல் தோட்டத்துக்குப் போவது

செருகியவுடன் பென் டிரைவ் போலத் தோன்றி, பிடிஎஃப் அறிக்கையைத் தானே உருவாக்கித் தரும் லாகர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. சீரியல் தொடர்பை யூஎஸ்பியாக மாற்றும் சில்லு உள்ள கேபிள்களுக்குத்தான் டிரைவர், அதாவது கருவியோடு பேசக் கணினிக்குக் கற்றுத்தரும் சிறு மென்பொருள், வேண்டும். வீட்டில் இணையம் இருப்பதால் விண்டோஸ் அதைத் தானே தேடி எடுத்துக்கொள்ளும். கரும்புக்கு நடுவே, சிக்னல் இல்லாத இடத்தில், டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் ஆச்சரியக்குறி ஒன்றுதான் கிடைக்கும். ஆகவே டிரைவரை வீட்டிலேயே நிறுவி, லாகரை ஒருமுறை பேசவைத்துப் பார்த்துவிட்டுக் கிளம்ப வேண்டும்.

கேபிளுக்கு விண்டோஸ் கொடுக்கும் காம் போர்ட் எண்ணையும் அப்போதே குறித்துக்கொள்ளுங்கள். எஃப்டிடிஐ சில்லுகளில் பெரும்பாலும் தனி வரிசை எண் இருப்பதால், கணினியின் எந்தத் துளையில் செருகினாலும் விண்டோஸ் அதே போர்ட் எண்ணைக் கொடுக்கும். சிஎச்340 போன்ற மலிவுச் சில்லுகளில் அந்த எண் பொதுவாக இருக்காது. இடப்பக்கத் துளையில் காம் 4 ஆக இருந்தது வலப்பக்கத் துளையில் காம் 7 ஆகிவிடும். நேற்று வேலை செய்த லாகர் இன்று செத்துவிட்டது என்று என்னிடம் கொண்டுவரப்பட்டவற்றில் சில, துளை மாறியவை மட்டுமே.

இன்னொன்றையும் சொல்லிவைக்கிறேன். கேட்காமலேயே தொடர்ந்து எண்களை அனுப்பிக்கொண்டிருக்கும் கருவியைச் செருகியபடி கணினியை இயக்கினால், விண்டோஸ் அதைப் பழைய சீரியல் மவுஸ் என்று எண்ணிக்கொள்வது உண்டு. திரையில் சுட்டி தானாகத் துள்ளும், கோப்புகள் தாமாகத் திறக்கும். அது வைரஸ் அல்ல. கேபிளை உருவிவிட்டு, டிவைஸ் மேனேஜரில் அந்தப் போலி மவுஸை முடக்கினால் போதும்.

கேபிள்

சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிளில் தரவு வராது.

பாட் வேகம்

தரவு அனுப்பும் இந்த வேகம் கையேட்டில் 9600 என்றிருந்தால் 9600தான், ஊகிக்காதீர்கள்.

ஒரே போர்ட்டுக்கு இரண்டு மென்பொருள்

முதலில் திறந்ததை மூடுங்கள்.

தரவை இறக்கும் முன் ‘லாஞ்ச்’ செய்வது

லாஞ்ச் என்பது லாகரைப் புதிய பதிவுக்குத் தொடங்கிவிடுவது. மற்றத் தவறுகள் நேரத்தைத்தான் தின்னும். இது தரவையே தின்றுவிடும், போனது திரும்பாது.

ஏன் திரும்பாது என்பதை அறிந்தால்தான் அச்சம் வரும். சிறு லாகர்களில் பெரும்பாலானவை ஒவ்வோர் அளவீட்டோடும் தேதியையும் நேரத்தையும் சேமிப்பதில்லை. தொடங்கிய நேரம், இடைவெளி, லாகரின் பெயர் ஆகியவை நினைவகத்தின் தலைப்பகுதியில் ஒரே ஒருமுறை எழுதப்படும்; அதன் பிறகு வெறும் எண்கள் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கப்படும். 10 நிமிட இடைவெளியில் ஓடும் லாகரின் 145ஆவது எண் எப்போது பதிவானது என்பதை, தொடங்கிய நேரத்தோடு 1,440 நிமிடங்களைக் கூட்டித்தான் மென்பொருள் கண்டுபிடிக்கிறது. ‘லாஞ்ச்’, ‘செட்டப்’, ‘ஸ்டார்ட்’ என்று எந்தப் பெயரில் இருந்தாலும் அந்தப் பொத்தான் செய்வது ஒன்றே: தலைப்பகுதியைப் புதிதாக எழுதிவிட்டு, எழுதுமிடத்தை மீண்டும் முதல் எண்ணுக்குக் கொண்டுபோய் நிறுத்துகிறது. பழைய எண்கள் நினைவகத்தில் சிறிது நேரம் அப்படியே கிடந்தாலும், அவை எந்த நாளுக்கும் மணிக்கும் உரியவை என்று சொல்ல எதுவும் மிஞ்சுவதில்லை. அடுத்த அளவீடுகள் அவற்றின் மேலேயே விழத் தொடங்கிவிடும்.

2018 சனவரியில் பெர்கித்தா சூறாவளி மொரீசியசை ஒட்டிக் கடந்தபோது, தீவின் தென்பகுதியில் ஒரு கரும்புத் தோட்டத்தின் மேற்சரிவில் எங்கள் மழைமானி ஒன்று நின்றிருந்தது. உள்ளே சிறு தராசு போல இரு கிண்ணங்கள் மாறி மாறிக் கவிழும் வகை. ஒவ்வொரு கவிழ்ப்பும் 0.2 மி.மீ. மழை. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கவிழ்ப்புகளின் எண்ணிக்கையை லாகர் பதிந்துகொண்டிருந்தது. பாதை திறந்த பிறகு நான் தனியாக அங்கே போனேன். மானி சாயாமல் நின்றிருந்தது, புனலில் கரும்புத் தோகை மட்டும் அடைத்திருந்தது, லாகரின் பெட்டிக்குள் ஒரு சொட்டு நீர் இல்லை. மடிக்கணினியை லாரியின் முன்மூடியின் மேல் வைத்து, வெயில் படாமல் அட்டையால் மறைத்துக்கொண்டு இணைத்தேன். லாகரைக் கண்டவுடன் மென்பொருள் நேராக லாஞ்ச் பக்கத்தைத் திறந்தது. தரவை இறக்கும் கட்டளையோ மேலே ஒரு மெனுவுக்குள் இருந்தது. இடைவெளியை 10 நிமிடமாக மாற்றிவரும்படி எனக்குச் சொல்லியிருந்தார்கள், திரையில் அதற்கான கட்டமும் கண்ணெதிரே இருந்தது, மாற்றினேன், பொத்தானை அழுத்தினேன்.

எச்சரிக்கை வந்தது, அதை மறைக்கவில்லை. ஆனால் அதற்கு முன்பே மின்கலத்தின் அளவு பற்றி ஒன்று, கடிகார வேறுபாடு பற்றி ஒன்று, மென்பொருளின் புதிய பதிப்பு பற்றி ஒன்று என மூன்று பெட்டிகள் வந்து போயிருந்தன. நான்காவது பெட்டி பிரெஞ்சில் என்ன சொன்னது என்று படித்து முடிப்பதற்குள், முந்திய மூன்றுக்கும் ‘உய்’ (ஆம்) சொன்ன அதே விரல் அதே இடத்தில் மறுபடியும் அழுத்திவிட்டது. லாகரின் பச்சை விளக்கு இருமுறை மினுங்கியது. 11,000க்கும் மேலிருந்த பதிவுகளின் எண்ணிக்கை திரையில் 0 ஆயிற்று.

அந்த வாரத்தின் மொத்த மழையைப் பக்கத்துத் தோட்டத்தில் கையால் அளக்கும் மானியிலிருந்து பெற்றுக்கொண்டோம். ஆனால் எங்களிடம் தரவு கேட்டவர்களுக்கு வேண்டியது மொத்தம் அல்ல. எந்த ஐந்து நிமிடத்தில் எவ்வளவு பெய்தது என்பதுதான். 100 மி.மீ. ஒரு நாள் முழுவதும் பரவிப் பெய்தால் மண் அதைக் குடித்துக்கொள்ளும். அதே 100 மி.மீ. ஒரு மணி நேரத்தில் இறங்கினால் வாய்க்கால் உடையும். 2013 மார்ச் 30 அன்று போர்ட் லூயியில் திடீர் வெள்ளம் 11 உயிர்களைக் கொண்டுபோனது என்பதை நினைவில் வைத்திருக்கும் இந்தத் தீவில், மழையின் வேகத்தைப் பதிந்த ஒரு கோப்பு எத்தகையது என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அப்படிப்பட்ட கோப்பு ஒன்று ஒரு விரலசைவில் இல்லாமல் போனது. அந்தச் சரிவில் அந்தச் சூறாவளி இனி ஒருமுறை பெய்யப்போவதில்லை.

எனக்கு இன்றுவரை எரிச்சலூட்டுவது, இதை நாம் கற்றுக்கொடுக்கும் முறை. பெட்டியைப் பிரித்ததும் லாகரை லாஞ்ச் செய்யக் காட்டுகிறோம். அது எளிது, விளக்கு மினுங்குகிறது, பார்ப்பவருக்கும் மகிழ்ச்சி. தரவை இறக்குவதைப் ‘பிறகு பார்க்கலாம்’ என்று தள்ளிவிடுகிறோம். ஆகவே ஒருவர் முதன்முறை உண்மையான தரவோடு லாகரை இணைக்கும்போது, அவருடைய கைக்குப் பழகியிருப்பது லாஞ்ச் ஒன்றுதான்.

இப்போது நான் புதியவர்களுக்கு மேசையிலேயே பழக்குவது இது. லாகரை 10 விநாடி இடைவெளியில் ஓடவிட்டு, உணரியை உள்ளங்கையில் ஐந்து நிமிடம் பொத்தி வைத்துக்கொள்ளச் சொல்வேன். வெப்பநிலை ஏறி இறங்கிய மேடு கோப்பில் தெரிய வேண்டும். பிறகு தரவை இறக்கி, மென்பொருளின் சொந்த வடிவக் கோப்பாகச் சேமித்து, அதை மூடி மீண்டும் திறந்து, முதல் பதிவும் கடைசிப் பதிவும் எதிர்பார்த்த நேரத்தில் உள்ளனவா என்று பார்த்து, பென் டிரைவில் ஒரு நகலும் எடுத்துவிட்டு, நோட்டில் கடைசிப் பதிவின் நேரத்தைக் கையால் எழுதச் சொல்வேன். அந்த வரி எழுதப்படாமல் லாஞ்ச் பக்கத்துக்குப் போகக் கூடாது. கடைசியாக, வேண்டுமென்றே தரவை இறக்காமல் ஒருமுறை லாஞ்ச் செய்யச் சொல்வேன். உள்ளங்கையின் மேடு கண்ணெதிரே மறைவதை ஒருமுறை பார்த்தவர் எச்சரிக்கைப் பெட்டியைப் படிக்காமல் விடுவதில்லை.

கணினியின் கடிகாரம்

லாஞ்ச் செய்யும்போது லாகர் தன் நேரத்தைக் கணினியிடமிருந்தே வாங்கிக்கொள்கிறது. கணினி பொய் சொன்னால் அடுத்த இரண்டு மாதப் பதிவும் அதே பொய்யைச் சொல்லும். மொரீசியசின் நேரம் கிரீனிச் நேரத்துக்கு 4 மணி முன்னே. சென்னையில் வாங்கி வந்து நேர மண்டலத்தை மாற்றாத மடிக்கணினி ஒன்றரை மணி முன்னே ஓடும். பிரான்சிலிருந்து வந்தது கோடையில் 2 மணியும் குளிர்காலத்தில் 3 மணியும் பின்னே நிற்கும். 2008 அக்டோபர் முதல் 2009 மார்ச் வரை ஒரு கோடைக்கு இங்கும் கடிகாரத்தை ஒரு மணி முன்தள்ளிப் பார்த்துவிட்டுக் கைவிட்டார்கள். அந்தக் காலத்துப் பதிவுகளைப் புதியவற்றோடு ஒப்பிடுபவர்கள் அந்த ஒரு மணியை நினைவில் கொள்ள வேண்டும். எங்கள் லாகர்களைக் கிரீனிச் நேரத்தில் ஓடவிடுவதா உள்ளூர் நேரத்தில் ஓடவிடுவதா என்று நீண்ட நாள் பேசி, உள்ளூர் நேரத்தையே வைத்துக்கொண்டோம். எது என்பதைவிட, எல்லா லாகர்களிலும் ஒன்றாக இருப்பதும், பெட்டியின் மூடியில் அதை எழுதி ஒட்டியிருப்பதும் முக்கியம்.

சார்ஜரில் செருகிய மடிக்கணினி

இங்கே மின்சாரம் 230 வோல்ட். சுவரில் பிரிட்டிஷ் மூன்று முனைத் துளையும் உண்டு, ஐரோப்பிய இரண்டு முனைத் துளையும் உண்டு. மூன்று முனைச் சார்ஜரை ஏதோ ஓர் அடாப்டர் வழியாக இரண்டு முனைத் துளையில் மாட்டினால் எர்த் இணைப்பு அறுந்துவிடுகிறது. மடிக்கணினியின் உலோக உடல், மெல்லிய கசிவு மின்னோட்டத்தால், மின்னழுத்தத்தின் ஏறத்தாழ பாதியில் மிதக்கும். கையால் தடவினால் ஒரு நடுக்கம் தெரியும். மறுமுனையில் லாகரின் உணரிக் கம்பி ஈர மண்ணில் புதைந்திருக்கிறது. இரண்டையும் கேபிளால் சேர்த்தால் அந்த மின்னோட்டம் லாகரின் சில்லு வழியாகவே மண்ணுக்கு இறங்கும். ஹெட்போன் செருகி போன்ற முனையுள்ள பழைய கேபிள்களில் ஆபத்து அதிகம். உள்ளே நழுவிப் போகும்போது முனை எல்லாத் தொடுமுனைகளையும் உரசிக்கொண்டே போகிறது. இப்படி ஒரு லாகரின் போர்ட் எரிந்ததை நான் பார்த்திருக்கிறேன். பதிவுகள் உள்ளே இருந்தும் வெளியே எடுக்க வழியில்லாமல் போயிற்று. தரவை இறக்கும் அந்த ஐந்து நிமிடம் சார்ஜரை உருவிவிடுங்கள்.

சிஎஸ்வி கோப்பை எக்ஸலில் நேராகத் திறப்பது

கணினியின் வட்டார அமைப்பு பிரெஞ்சாக இருந்தால், தசமத்துக்குக் காற்புள்ளியும் கட்டங்களைப் பிரிக்க அரைப்புள்ளியும்தான் எக்ஸலுக்குத் தெரியும். லாகர் தந்த கோப்பிலோ தசமத்துக்குப் புள்ளி, பிரிப்பதற்குக் காற்புள்ளி. இரட்டைச் சொடுக்கில் திறந்தால் எல்லாம் முதல் நெடுவரிசையிலேயே குவியும். எப்படியோ பிரித்துவிட்டாலும் 23.5 என்பது எண்ணாக இல்லாமல் எழுத்தாக நிற்கலாம், அப்படி நின்றால் கூட்டுத்தொகை பூச்சியம் காட்டும். தேதி இன்னும் மோசம். அமெரிக்க முறையில் எழுதிய 03/04 என்பது மார்ச் 4. இங்கே அது ஏப்ரல் 3 ஆகிவிடும். 12க்கு மேற்பட்ட நாட்கள் மட்டும் மாறாமல் எழுத்தாக நிற்பதால், பாதி மாதம் சரிபோலவும் பாதி மாதம் குழம்பியும் தெரியும். கோப்பைத் திறக்காமல் எக்ஸலின் தரவு மெனு வழியாக இறக்குமதி செய்து, பிரிப்பான், தசமக்குறி, தேதி முறை மூன்றையும் நாமே சொல்ல வேண்டும். மூலக் கோப்பின் மேல் சேமிக்கவே கூடாது.

நினைவகம் நிரம்பினால்

நிறுத்துவதா, பழையதை அழித்து எழுதுவதா என்பதை லாஞ்ச் செய்யும் முன் தீர்மானியுங்கள். 16,000 பதிவுகள் கொள்ளும் லாகர் ஐந்து நிமிட இடைவெளியில் 55 நாளில் நிரம்பிவிடும்.

கிளம்பும் முன்

மழைமானியானால் லாஞ்ச் செய்த பிறகு மூடியைத் திறந்து, கிண்ணத்தைக் கையால் பத்து முறை கவிழ்த்துவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரத்தை நோட்டில் எழுதிக்கொள்கிறேன். அடுத்த முறை தரவை இறக்கும்போது அந்த நேரத்தில் சரியாக 2.0 மி.மீ. தெரிய வேண்டும். தெரியாவிட்டால் உணரியின் கம்பி விட்டிருக்கிறது. வேறு நேரத்தில் தெரிந்தால் கடிகாரம் தவறு. இரண்டும் சரியாக இருந்தால் அந்த 2 மி.மீ.யைக் கழித்துவிட்டு மழைக் கணக்கைத் தொடங்குகிறேன்.