சுறாப்புட்டும் பாதரசமும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிள்ளை பெற்றவளுக்குச் சுறாப்புட்டு கொடுக்காவிட்டால் நம் கடற்கரை ஊர்ப் பாட்டிகளுக்கு மனசு ஆறாது. தாய்ப்பால் ஊறும் என்ற நம்பிக்கையில்தான் அந்தச் சிறு சுறாவுக்குப் பால்சுறா என்றே பெயர் வந்தது. அமெரிக்காவிலோ கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் தவிர்க்க வேண்டிய மீன்களில் சுறாவும் ஒன்று. காரணம், வயிற்றுப் பிள்ளையின் மூளையைப் பாதிக்கக்கூடிய பாதரசம். இதைக் கேள்விப்பட்டதும் சிலர் மீனையே விட்டுவிடுகிறார்கள், சிலர் காதிலேயே போட்டுக்கொள்வதில்லை.

"நல்லா கழுவி, மஞ்சள் போட்டு வேகவைத்தால் சரியாகிவிடும்" என்பார்கள். ஆகாது. மீனில் இருப்பது பெரும்பாலும் மெத்தில் பாதரசம், அதாவது உயிர்களின் உடலில் எளிதில் சேரும் பாதரச வடிவம். அது சதையில் உள்ள புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். தோலை உரித்தாலும் கொழுப்பை எடுத்தாலும் புளியில் கொதிக்கவிட்டாலும் அது அப்படியேதான் இருக்கும். வேகும்போது வற்றுவது தண்ணீர்தான். கருவாட்டிலும் இதே கதை: காயக் காய எடை குறையும், பாதரசம் குறையாது. அதனால் கிராமுக்குக் கிராம் பார்த்தால் பச்சை மீனைவிடக் கருவாட்டில் அதிகம்.

"இவ்வளவு பெரிய கடலில் கரைந்து போகாதா?" என்பது அடுத்தது. தண்ணீரில் அது இருப்பது மிகமிகக் கொஞ்சம்தான். நிலக்கரி எரிக்கும் ஆலைகளிலிருந்தும் பாதரசம் வைத்துத் தங்கம் பிரிக்கும் சிறு சுரங்கங்களிலிருந்தும் காற்றில் ஏறி, மழையோடு கடலில் இறங்குகிறது. ஆக்சிஜன் குறைந்த சேற்றில் வாழும் பாக்டீரியாக்கள் அதை மெத்தில் பாதரசமாக்குகின்றன. அங்கிருந்து மிதவை உயிர்கள், அவற்றைத் தின்னும் சிறுமீன், சிறுமீனைத் தின்னும் பெரியமீன் என்று ஏறிக்கொண்டே போகிறது. உடலுக்குள் போவது வேகமாக, வெளியேறுவது மெதுவாக. வருஷக்கணக்கில் வேட்டையாடி வாழும் மீனில் கடல்நீரைவிடப் பத்து லட்சம் மடங்குக்கும் மேல் சேர்ந்துவிடும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் அளவீடுகளில் மத்தி வகை மீனின் சராசரி கிலோவுக்கு 0.013 மில்லிகிராம். சுறாவில் 0.979. ஏறக்குறைய 75 மடங்கு!

இதைப் பார்த்து, பெரிய மீன் எதுவானாலும் ஆபத்து என்று முடிவு கட்டிவிடக் கூடாது. உலகிலேயே பெரிய மீனான திமிங்கிலச் சுறா மிதவை உயிர்களைத்தான் முக்கியமாகத் தின்கிறது. அதனால் வேட்டைச் சுறாக்களின் அளவுக்கு அதில் பாதரசம் ஏறுவதில்லை. (இந்தியாவில் அதைப் பிடிப்பதே குற்றம்.) மீன் எதைத் தின்றது, எத்தனை வருஷம் வாழ்ந்தது என்பதுதான் கணக்கு. பால்சுறா சின்னது, பெரிய சுறாக்களைவிடப் பரவாயில்லை என்பது சரிதான். ஆனால் வெட்டிப் போட்ட துண்டைப் பார்த்து அது எந்தச் சுறா என்று எத்தனை பேரால் சொல்ல முடியும்?

பெயர்க் குழப்பமும் உண்டு. அமெரிக்கப் பட்டியலில் 'கிங் மேக்கரல்' இருப்பதைப் பார்த்துவிட்டு, 'மேக்கரல்' என்றாலே கானாங்கெளுத்திதானே என்று அதை நிறுத்துகிறார்கள். கிங் மேக்கரல் நம் வஞ்சிரத்தின் உறவு. கானாங்கெளுத்தி, அதாவது அயிலை, மிதவை உயிர்களைத் தின்னும் சின்ன மீன். தாராளமாகச் சாப்பிடலாம்.

மீனையே விட்டுவிடுவதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு. வயிற்றுப் பிள்ளையின் மூளை வளர்ச்சிக்குத் தேவையான ஒமேகா-3 கொழுப்பு மீனில்தான் நிறைய. சீஷெல்ஸ் தீவுகளில் வாரம் பன்னிரண்டு வேளை மீன் சாப்பிட்ட தாய்மாரின் பிள்ளைகளைப் பல வருஷம் தொடர்ந்து பார்த்தபோது தெளிவான பாதிப்பு எதுவும் தெரியவில்லை. வட அட்லாண்டிக் கடலில் உள்ள ஃபாரோ தீவுகளில் நிலைமை வேறு. அங்கே பாதரசம் மிகுந்த பைலட் திமிங்கில இறைச்சியும் சாப்பிட்டார்கள். வயிற்றில் இருக்கும்போது அதிகப் பாதரசம் பட்ட பிள்ளைகளுக்கு ஏழு வயதில் மொழி, கவனம், நினைவாற்றல் ஆகியவற்றில் சிறு குறைவு தெரிந்தது.

"நான் சாப்பிட்டேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்பவர்களுக்கு மினமாட்டாவை நினைவுபடுத்த வேண்டும். ஜப்பானில் அந்த விரிகுடாவில் ஓர் ஆலை கொட்டிய மெத்தில் பாதரசம் மீன் வழியாக மனிதர்களுக்குள் போனது 1956-இல் வெளிச்சத்துக்கு வந்தது. நோய்க்குறி லேசாக இருந்த, அல்லது இல்லவே இல்லாத தாய்மாருக்குக்கூட மூளை பாதிக்கப்பட்ட பிள்ளைகள் பிறந்தார்கள். நஞ்சுக்கொடியைத் தாண்டி மெத்தில் பாதரசம் எளிதாகப் போய்விடும். தொப்புள்கொடி இரத்தத்தில் தாயின் இரத்தத்தைவிட அதிகமாகவே இருக்கும்.

அதனால்தான் காலத்தையும் கவனிக்கச் சொல்கிறேன். தாய்ப்பால் வழியாகப் போவது இதைவிடக் குறைவு. பேறுகாலத்துக்குப் பிறகு மட்டும் யோசித்தால் முக்கியமான ஒன்பது மாதம் கைவிட்டுப் போயிருக்கும். உடலில் ஏறிய மெத்தில் பாதரசம் பாதியாகக் குறையவே சுமார் 50 நாள் ஆகும். ஆகவே பிள்ளை வேண்டும் என்று நினைக்கும்போதே சுறாவையும், அதைப் போலவே வேட்டையாடி வாழும் மயில்மீனையும் நிறுத்திவிடுவது நல்லது.

அப்புறம், பாட்டியிடம் என்ன சொல்வது? பிள்ளை அடிக்கடி குடிக்கக் குடிக்கத்தான் பால் ஊறும் என்பதைப் பக்குவமாகச் சொல்லுங்கள். புட்டுக்குப் போடும் சின்ன வெங்காயமும் பூண்டும் இஞ்சியும் அப்படியே இருக்கட்டும், மீன் மட்டும் நெத்திலியாக இருக்கட்டும்.