பிறப்பு முதல் ஆறு வயது வரை: குழந்தை வளர்ச்சி ஆய்வுக்கு நூலகத்திலும் இணையத்திலும் தேடுவது எப்படி

பி.எட்., ஹோம் சயின்ஸ், சமூகப்பணி, நர்சிங், உளவியல் என்று எதைப் படித்தாலும் சின்னக் குழந்தைகளைப் பற்றி ஒரு புராஜெக்ட் எடுப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். பெரும்பாலோர் முதலில் செய்வது கூகுளில் 'குழந்தை வளர்ச்சி' என்று போட்டுப் பார்ப்பது. வந்து நிற்பது பால் மாவு, டயப்பர் விற்கும் கம்பெனிகளின் பக்கங்களும், யார் எழுதியது என்றே தெரியாத 'பத்து டிப்ஸ்' கட்டுரைகளும்தான். இதை வைத்து ரிவ்யூ ஆஃப் லிட்ரேச்சர், அதாவது முந்தைய ஆய்வுகளின் தொகுப்பு, எழுத முடியாது. தமிழ்நாட்டில் படிக்கும் ஒருவருக்கு எங்கே என்ன கிடைக்கும், எந்த வரிசையில் தேடினால் நேரம் மிச்சம் என்பதைச் சொல்கிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். இந்த விஷயம் ஒரே துறைக்குள் அடங்கியது இல்லை. குழந்தையின் எடையும் உயரமும் மருத்துவத்தில் இருக்கும், பேச்சும் பாசமும் உளவியலில், பாலர் வகுப்பு கல்வியியலில், அங்கன்வாடி சமூகநலத்தில், அதற்கு ஆகும் செலவும் அதன் பலனும் பொருளாதாரத்தில். ஒரே இடத்தில் தேடியவருக்கு அந்த ஒரு துறையின் பார்வைதான் கிடைக்கும், அதுவே முழு உண்மை என்று நம்பிவிடவும் வாய்ப்பு உண்டு.

தேடும் முன் கேள்வியைச் சுருக்குங்கள்

'குழந்தை வளர்ச்சி' என்பது கேள்வியே இல்லை, அது ஒரு கடல். எந்த வயது, வளர்ச்சியில் எந்தப் பக்கம் (உடலா, பேச்சா, சிந்தனையா, பழகும் விதமா), எந்த ஊர், எதனுடைய தாக்கம் என்று நான்கையும் ஒரு தாளில் எழுதுங்கள். 'அங்கன்வாடிக்குப் போகும் மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளின் மொழித் திறன்' என்றால் தேட முடியும்.

அப்புறம் அந்த நான்குக்கும் மாற்றுச் சொற்களை எழுதுங்கள். நாம் அங்கன்வாடி என்பதை ஆய்வுக் கட்டுரைகள் பெரும்பாலும் ஐசிடிஎஸ் (ICDS, ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம்) என்ற திட்டப் பெயரால் சொல்லும், கல்வித்துறைக்காரர்கள் ஈசிசிஇ (ECCE, சிறு குழந்தைப் பராமரிப்பும் கல்வியும்) என்பார்கள், உலக அமைப்புகள் ஈசிடி (ECD, சிறு குழந்தைப் பருவ வளர்ச்சி) என்பார்கள், பழைய தமிழ் எழுத்துகளில் பால்வாடி என்றிருக்கும், இலங்கைத் தமிழில் முன்பள்ளி. ஒரு சொல்லை மட்டும் போட்டுத் தேடிவிட்டு 'இதைப் பற்றி ஆய்வே இல்லை' என்று கைடிடம் சொல்லிவிடாதீர்கள்.

நூலகத்தில்

நூலகத்துக்குப் போனால் ஒரே அலமாரியைப் பார்த்துவிட்டுத் திரும்பக் கூடாது. டூயி முறையில் (பொருளுக்கு ஒரு எண் கொடுத்து அடுக்கும் முறை) அடுக்கிய நூலகம் என்றால் குழந்தை உளவியல் 155.4, சமூகத்தில் குழந்தைகள் 305.23, குழந்தை நலத் திட்டங்கள் 362.7, பாலர் கல்வி 372.21, குழந்தை மருத்துவம் 618.92, குழந்தை வளர்ப்பு 649 என்று ஆறு இடங்களில் சிதறிக் கிடக்கும். இந்த ஆறு எண்களையும் போனில் குறித்துக்கொண்டு போங்கள். சில பழைய நூலகங்கள் ரங்கநாதனின் கோலன் முறையில் அடுக்கியிருக்கும், அங்கே இந்த எண்கள் உதவாது, பட்டியலில் பொருள் சொல்லைப் போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

சென்னையில் இருப்பவர்களுக்குக் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. மதுரைப் பக்கம் 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம். பழைய அரசு அறிக்கை, பழைய பதிப்பு என்று தேடுபவர்கள் எழும்பூர் கன்னிமாராவை விடக் கூடாது. 1896-ல் தொடங்கிய அந்த நூலகம், இந்தியாவில் வெளியாகும் நூல்களின் பிரதி சட்டப்படி வந்து சேர வேண்டிய நான்கு நூலகங்களில் ஒன்று. கோவைப் பக்கம் என்றால் மனையியலில் நீண்ட அனுபவம் உள்ள அவினாசிலிங்கம் நிறுவனத்தின் நூலகத்தைக் கேட்டுப் பாருங்கள். வெளியாட்களை அனுமதிப்பார்களா என்பதை முன்கூட்டியே போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள், உங்கள் துறைத்தலைவரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு போனால் வேலை சுலபம்.

உங்கள் கல்லூரி நூலகரிடம் மூன்று பெயர்களைக் கேளுங்கள்: என்-லிஸ்ட், டெல்நெட், ஒன் நேஷன் ஒன் சப்ஸ்கிரிப்ஷன். முதலாவது கல்லூரிகளுக்கு மின்னிதழ்களும் மின்நூல்களும் தருவது. இரண்டாவதில் இருக்கும் நூலகம் என்றால் தன்னிடம் இல்லாத புத்தகத்தை வேறு நூலகத்திடமிருந்து வரவழைத்துத் தர முடியும். மூன்றாவது, மத்திய அமைச்சரவை 2024 நவம்பரில் ஒப்புதல் தந்து 2025-ல் நடைமுறைக்கு வந்தது: 30 பதிப்பகங்களின் ஏறக்குறைய 13,000 ஆய்விதழ்கள், மத்திய, மாநில அரசுகளின் உயர்கல்வி நிறுவனங்களுக்கு. அரசுக் கல்லூரி மாணவர்களில் பலருக்கு இப்படி ஒன்று தங்களுக்கு இருப்பதே தெரியாமல், ஒரு கட்டுரைக்கு மூவாயிரம் ரூபாய் கேட்கும் பக்கத்தைப் பார்த்து மூடிவிடுகிறார்கள் என்பது உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. தனியார் கல்லூரி என்றால் இது இப்போதைக்கு எட்டாது, ஆனால் முதல் இரண்டும் இருக்கிறதா என்று கேளுங்கள்.

ஆய்வேடுகள்: சோத்கங்கா

இந்தியப் பல்கலைக்கழகங்களின் பிஎச்.டி. ஆய்வேடுகளை இன்ஃப்லிப்நெட் நிறுவனம் சோத்கங்கா என்ற தளத்தில் அத்தியாயம் அத்தியாயமாக இலவசமாகத் தருகிறது. இங்கே போய் முழு ஆய்வேட்டையும் படிக்க உட்காராதீர்கள். முதலில் இரண்டாம் அத்தியாயம், அதாவது முந்தைய ஆய்வுகளின் தொகுப்பு. அப்புறம் நூற்பட்டியல். மூன்றாவதாகப் பின்னிணைப்பு, எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான். நம் மாவட்டங்களில் நடந்த ஆய்வு என்றால் தாய்மார்களிடமும் அங்கன்வாடிப் பணியாளர்களிடமும் கேட்ட தமிழ் வினாப்பட்டியல் பல நேரம் அங்கே இருக்கும், தமிழில் எப்படிக் கேட்டார்கள் என்பது வேறெங்கும் இவ்வளவு எளிதாகக் கிடைக்காது. ஆனால் அதை அப்படியே எடுத்துப் பயன்படுத்த அனுமதி வேண்டும், அந்த வினாப்பட்டியல் சோதித்துச் சரிபார்க்கப்பட்டதா என்பதையும் பார்க்க வேண்டும். ஆய்வேட்டில் இருக்கிறது என்பதாலேயே எல்லாம் தரமானது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இணையத்தில் எந்தக் கதவு எதற்கு

கல்விப் பக்கம் என்றால் எரிக். அமெரிக்கக் கல்வித்துறை நடத்தும் இலவசத் தரவுத்தளம். துறை வல்லுநர்கள் சரிபார்த்த கட்டுரைகள் மட்டும், முழுக் கட்டுரை உள்ளவை மட்டும் என்று இரண்டு பெட்டிகள் இருக்கும், இரண்டையும் டிக் செய்துகொண்டு தொடங்குங்கள்.

உடல்நலம், ஊட்டச்சத்து, மூளை வளர்ச்சி என்றால் பப்மெட், மருத்துவக் கட்டுரைகளுக்கான இலவசத் தரவுத்தளம். இங்கே வயதுக்கு என்றே பொருள் சொற்கள் உண்டு: 'இன்ஃபன்ட்' என்றால் 1 முதல் 23 மாதம், 'சைல்ட், ப்ரீஸ்கூல்' என்றால் 2 முதல் 5 வயது. வயது வடிகட்டியை வைத்தாலே பாதிக் குப்பை போய்விடும். முழுக் கட்டுரை இலவசமாக வேண்டுமானால் பப்மெட் சென்ட்ரல்.

கூகுள் ஸ்காலர் எல்லாத் துறையையும் சேர்த்துக் காட்டும், அதனால்தான் அதை இரண்டாவதாகப் பயன்படுத்தச் சொல்கிறேன், கையில் ஒரு நல்ல கட்டுரை கிடைத்த பிறகு. ஒரு உதாரணத்தோடு சொல்கிறேன். தமிழ்நாட்டு அங்கன்வாடிகளில் கூடுதலாக ஒரு பணியாளரை வைத்தால் என்ன ஆகும் என்று கார்த்திக் முரளிதரன் உள்ளிட்ட மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் நான்கு மாவட்டங்களில் 320 மையங்களில் குலுக்கல் முறையில் சோதித்தார்கள். பாடம் நடக்கும் நேரம் இரட்டிப்பானது, 18 மாதம் கழித்துக் குழந்தைகளின் கணக்கு, மொழி மதிப்பெண்கள் கூடியிருந்தன, வயதுக்கேற்ற உயரமில்லாத குழந்தைகளின் விகிதமும் குறைந்திருந்தது. இது பொருளாதார இதழில் வந்த கட்டுரை, எரிக்கில் மட்டும் தேடிக்கொண்டிருந்தால் கண்ணில் படாமலே போகலாம். இதழில் 2024-ல் வந்தாலும் 2021-லேயே பணிக்கட்டுரையாக (இதழில் வரும் முன் வெளியிடும் வடிவம்) வெளிவந்து இலவசமாகக் கிடைக்கிறது. ஸ்காலரில் ஒவ்வொரு கட்டுரைக்கும் கீழே 'ஆல் வெர்ஷன்ஸ்' என்று ஒன்று இருக்கும், அதைத் தட்டினால் இப்படிப்பட்ட இலவச வடிவங்கள் வரும். பக்கத்திலேயே 'சைட்டட் பை', அதாவது இந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டிய பிந்தைய ஆய்வுகள். கட்டுரையின் நூற்பட்டியல் உங்களைப் பின்னோக்கிக் கூட்டிப்போகும், சைட்டட் பை முன்னோக்கிக் கூட்டிப்போகும். இந்த இரண்டையும் நல்ல கட்டுரைகள் மூன்று, நான்குக்குச் செய்தாலே உங்கள் ரிவ்யூவின் எலும்புக்கூடு நின்றுவிடும்.

நம் மண்ணில் நடந்ததைத் தேடும்போது உலக வங்கியின் ஆவணத் தளத்தை யாரும் நினைப்பதில்லை. 1980-ல் உலக வங்கி உதவியோடு தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், சின்னக் குழந்தைகளை மாதாமாதம் எடை போட்டு, எடை கூடாத குழந்தைகளைக் கண்டுபிடித்துச் சத்துணவு கொடுத்த திட்டம். அதன் மதிப்பீட்டு அறிக்கைகள் அங்கே இலவசம். குழந்தை ஊட்டச்சத்து பற்றி எழுதும் தமிழ்நாட்டு மாணவர் அதைப் படிக்காமல் எழுதக் கூடாது என்பேன். அதேபோல எட்டு நாடுகளில் நடந்த மால்-எட் ஆய்வில் வேலூரும் ஒரு களம். பிறந்ததிலிருந்து குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு என்பதால் குடல் தொற்று, உணவு, மனவளர்ச்சி மூன்றையும் சேர்த்துப் பார்க்க விரும்புபவர்களுக்கு அது பெரிய சுரங்கம்.

புள்ளிவிவரத்துக்குத் தேசியக் குடும்பநல ஆய்வு. 2019-21-ல் நடந்த ஐந்தாம் சுற்றில் தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் 25 சதவீதம், நான்காம் சுற்றில் 27.1. மாவட்ட வாரியாகவும் தகவல் தாள்கள் உண்டு. பேச்சும் சிந்தனையும் எப்படி வளர்கின்றன என்பதை இதில் தேடாதீர்கள், அதற்கு ஆந்திரா, தெலங்கானா குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்த யங் லைவ்ஸ் போன்ற ஆய்வுகளைத்தான் பார்க்க வேண்டும்.

அரசு ஆவணங்களைத் தேடும்போது பெயர் மாற்றங்களைக் கவனியுங்கள். டெல்லியில் நிப்சிட் (NIPCCD) என்று அறியப்பட்ட, குழந்தை மேம்பாட்டுக்கான தேசிய நிறுவனம் 2025-ல் சாவித்ரிபாய் புலே பெயருக்கு மாறிவிட்டது, அதன் பழைய ஆய்வறிக்கைகள் எல்லாம் பழைய பெயரில்தான் மேற்கோள் காட்டப்பட்டிருக்கும்.

தமிழில் எழுதியவை வேண்டுமானால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், இலங்கைத் தமிழ் வெளியீடுகளுக்கு நூலகம் தளம். குழந்தை வளர்ப்பைப் பற்றி முந்தைய தலைமுறை என்ன நினைத்தது என்று பார்க்க அருமையான இடங்கள், ஆனால் இன்றைய மருத்துவ ஆதாரமாக எடுத்துவிடாதீர்கள்.

கிடைத்ததை எப்படி நம்புவது

ஆண்டைப் பாருங்கள். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி தன் வளர்ச்சிப் படிநிலைப் பட்டியலை 2022-ல் திருத்தியது. முன்பு பாதிக் குழந்தைகள் செய்வதை அளவாக வைத்திருந்தவர்கள் இப்போது 75 சதவீதம் குழந்தைகள் செய்வதை வைக்கிறார்கள், தவழ்வதைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டார்கள். பழைய பட்டியலை வைத்து வினாப்பட்டியல் தயாரித்தால் ஆய்வு அங்கேயே கோணலாகிவிடும்.

எண் வந்தால் அது பிறந்த இடத்துக்குப் போங்கள். 'ஏழை, நடுத்தர வருமான நாடுகளில் ஐந்து வயதுக்குட்பட்ட 25 கோடிக் குழந்தைகள், அதாவது 43 சதவீதம் பேர், முழு வளர்ச்சியை எட்டாத ஆபத்தில் இருக்கிறார்கள்' என்ற வரி ஆயிரம் இடங்களில் வரும். லான்செட் இதழின் 2016 தொடரில் வந்த கணிப்பு அது. மூலக் கட்டுரையைத் திறந்தால்தான் தெரியும், குழந்தைகளின் வளர்ச்சியை நேரடியாக அளந்து வந்த எண் இல்லை, உயரக் குறைவையும் கடும் வறுமையையும் வைத்துப் போட்ட 2010-ஆம் ஆண்டுக் கணக்கு. பயன்படுத்தலாம், ஆனால் எப்படி வந்தது என்பதைச் சேர்த்து எழுத வேண்டும்.

யுஜிசி-கேர் பட்டியலில் (தரமான ஆய்விதழ்கள் என்று யுஜிசி வைத்திருந்த பட்டியல்) இருக்கிறது என்று ஒரு இதழ் பெருமை அடித்தால் அதை இப்போது பொருட்படுத்த வேண்டாம், அந்தப் பட்டியலை யுஜிசி 2025-ல் கைவிட்டுவிட்டது. காசு கட்டினால் ஒரு வாரத்தில் பிரசுரிக்கும் இதழ்களை ஒதுக்குங்கள். சாட்ஜிபிடி மாதிரிக் கருவிகளிடம் நூற்பட்டியல் கேட்டால் இல்லாத கட்டுரையையும் இருப்பதுபோல் தரும், ஒவ்வொரு தலைப்பையும் ஸ்காலரில் போட்டுப் பார்க்காமல் ஒன்றைக்கூடச் சேர்க்கக் கூடாது.

கட்டுரை பூட்டியிருந்தால் பிரவுசரில் அன்பேவால் நீட்சியைப் போட்டுக்கொள்ளுங்கள், சட்டப்படி இலவசமாக எங்கேயாவது இருந்தால் காட்டும். இல்லையென்றால் கட்டுரையாளருக்கே இரண்டு வரி மின்னஞ்சல் எழுதுங்கள், பலர் சந்தோஷமாக அனுப்புவார்கள். கிடைத்ததையெல்லாம் ஜொட்டேரோ (Zotero) என்ற நூற்பட்டியல் மென்பொருளில் போடுங்கள், இலவசம், கடைசி நேரத்தில் நூற்பட்டியலைத் தட்டச்சு செய்யும் வேதனை இல்லை.

கூடவே ஒரு எக்செல் தாளில் தேதி, தரவுத்தளம், போட்ட சொற்கள், எத்தனை முடிவுகள் வந்தன, எத்தனையை எடுத்தீர்கள், எதை ஏன் விட்டீர்கள் என்று முதல் நாளிலிருந்தே எழுதி வாருங்கள். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) 'எப்படித் தேடினாய்?' என்று கேட்டால் அந்தத் தாளைத்தான் நீட்டப் போகிறீர்கள்.