மரச் செதுக்கு சிஎன்சிக்குப் பிட் வாங்கும் முன்: தண்டு, கொலெட், அடாப்டர்

சிஎன்சி என்னும், கணினி ஓட்டும் செதுக்கு மெசினில் வேலை தொடங்கும்போது 3 மி.மீ. ஆழம் வெட்டிய பிட் (சுழன்று வெட்டும் முனை), பலகையின் மறுகரைக்குப் போகும்போது 5 மி.மீ. வெட்டியிருக்கிறதா? டிசைனைத் திருத்தப் போகாதீர்கள், பிட்டின் தண்டைக் கவ்விப் பிடிக்கும் பிளந்த குழலான கொலெட்டைப் பாருங்கள். மேல்நோக்கிச் சீவும் சுருள் பிட் மரத்தூளை மேலே தள்ளும்போது தன்னைத் தானே கீழே இழுக்கும். பிடி தளர்வாக இருந்தால் பிட் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, கடைசியில் அடிப்பலகையையும் துளைத்துவிடும். இந்தப் பிழைக்கு அடிக்கடி காணும் காரணம் ஒன்று: 6 மி.மீ. தண்டை 6.35 மி.மீ. கொலெட்டில் பூட்டியிருப்பார்கள்.

கால் அங்குலம் என்பது 6.35 மி.மீ. ஆகும். பேச்சில் 6, 6.35 இரண்டும் "கால் இஞ்சி" ஆகிவிடுகிறது, கொலெட்டுக்கோ இரண்டும் வேறு வேறு. அதேபோல அரை அங்குலம் 12.7 மி.மீ., அது 12 அல்ல. அரைக்கால் அங்குலம், தச்சர் கணக்கில் ஒரு நூல், 3.175 மி.மீ.; அதுவும் 3 அல்ல. கடையில் மெட்றிக் தண்டும் அங்குலத் தண்டும் ஒரே பெட்டியில் கலந்து கிடக்கும். ஆகவே வேணியர் இடுக்கிமானியைக் கையோடு கொண்டுபோய், தண்டை அளந்த பிறகே காசைக் கொடுங்கள்.

கொலெட்டின் கணக்கு

ஈஆர் வகைக் கொலெட் தன்மேல் பொறித்த அளவுக்கு மேல் விரியாது. அதற்குக் கீழே சற்றுச் சுருங்கும்: ஈஆர்11 ஏறத்தாழ 0.5 மி.மீ., ஈஆர்20இன் பெரிய அளவுகள் 1 மி.மீ. வரை. இப்படிச் சுருங்கும் என்பதால் ஒரே கொலெட்டில் எல்லாத் தண்டையும் பூட்டலாம் என்று நினைப்பது தவறு. எல்லைவரை சுருங்கிய கொலெட் தண்டை நீளம் முழுவதும் பிடிக்காது. ஒரு பக்கம் மட்டும் கவ்வும், பிட் ஆடும். 6க்கு 6, 6.35க்கு 6.35 என்று தனித்தனியாக வாங்குங்கள். நல்ல பிட் ஒன்றின் விலையோடு ஒப்பிட்டால் கொலெட் பெரிய செலவல்ல.

எந்த மெசினில் எது ஏறும்? 3018 போன்ற சிறிய மேசை மெசின்களில் 775 மோட்டாரும், அதன் 5 மி.மீ. அச்சில் மாட்டிய ஈஆர்11 நீட்டுத் தண்டும் இருக்கும். ஈஆர்11இல் 7 மி.மீ.க்கு மேற்பட்ட தண்டு ஏறாது, 8 மி.மீ. பிட் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் பயன் இல்லை. ஈஆர்16 10 மி.மீ. வரையும், ஈஆர்20 13 மி.மீ. வரையும் எடுக்கும். 80 மி.மீ. விட்டமுள்ள 2.2 கிலோவாட் ஸ்பின்டில்களில் (பிட்டைச் சுழற்றும் மோட்டார்கள்) வழக்கமாக ஈஆர்20 வரும், அதில் அரை அங்குலத் தண்டும் பூட்டலாம். மக்கிட்டா போன்ற சிறிய கை ரவுட்டரை (கையால் பிடித்து மரம் வெட்டும் மின்கருவி) மெசினில் ஏற்றியிருந்தால் அதன் கொலெட் அந்த நிறுவனத்துக்கே உரியது. ஈஆர் கொலெட் அதில் பொருந்தாது.

பூட்டும் முறையிலும் ஒரு ஒழுங்கு உண்டு. கொலெட்டை முதலில் ஸ்பின்டிலுக்குள் போட்டுவிட்டு மேலே நட்டை முறுக்கக் கூடாது. நட்டுக்குள் கொலெட்டைச் சற்றுச் சரித்து அழுத்துங்கள், "கிளிக்" என்று உட்காரும். அதன் பிறகு இரண்டையும் சேர்த்து ஸ்பின்டிலில் ஏற்றி, பிட்டை நுழைத்து, இரண்டு ஸ்பனரால் இறுக்குங்கள். தண்டு கொலெட்டின் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்காவது நிரப்ப வேண்டும். அடிவரை முட்டத் தள்ளினால் 1–2 மி.மீ. பின்னுக்கு இழுத்துக்கொள்ளுங்கள். சுருள் வெட்டுவாய் கொலெட்டுக்குள் போகவே கூடாது. அங்கே பிடி இல்லை, பிட் செய்த கடினப் பொருளான கார்பைட்டும் வெடிக்கும்.

அடாப்டர் எங்கே சரி, எங்கே பிழை

அடாப்டர் என்று கேட்டால் கடையில் மூன்று வேறு சாமான்களை எடுத்துத் தருவார்கள். முதலாவது, கால் அங்குலக் கொலெட்டுக்குள் அரைக்கால் அங்குலத் தண்டைப் பிடிக்க வைக்கும் பிளந்த குழாய். கை ரவுட்டரை ஏற்றியிருப்பவர்களுக்கு இது தேவைப்படலாம். ஈஆர் ஸ்பின்டில் உள்ளவர்கள் இதை வாங்க வேண்டாம், 3.175 மி.மீ. கொலெட்டையே வாங்குங்கள். கொலெட்டுக்குள் இன்னொரு குழாய் என்றால் இரண்டு பிழைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறும். 1 மி.மீ. முனைப் பிட் ஒரு சுற்றில் ஒரு வெட்டுவாய்க்கு 0.02 மி.மீ. மரத்தைத்தான் எடுக்கும். ஆட்டம் 0.05 மி.மீ. இருந்தால் ஒரு வாய் மட்டுமே வெட்டும், மற்றது சும்மா சுற்றும். இதனால்தான் நுண்பிட்கள் "காரணமில்லாமல்" முறிகின்றன.

இரண்டாவது, மோட்டார் அச்சில் மாட்டும் ஈஆர்11 நீட்டுத் தண்டு. அச்சின் விட்டத்தைச் சரியாகச் சொல்லி வாங்குங்கள். பக்கத்துத் திருகை இறுக்கும்போது தண்டு ஒரு பக்கமாகத் தள்ளப்படும். எனவே மாட்டிய பின் ஆட்டத்தைச் சோதிப்பது கட்டாயம். மூன்றாவது, மோட்டாரைப் பிடிக்கும் வளையத்துக்கான இடைவளையம். 65 மி.மீ. உடல் கொண்ட ரவுட்டரை 71 மி.மீ. வளையத்தில் பொருத்துவதற்கு இது. நல்ல வளையம் இருந்தால் இதில் பிரச்சினை வருவதில்லை.

ஆட்டத்தை அறிய 0.01 மி.மீ. டயல் கேஜ் இருந்தால் நல்லது. தண்டில் வைத்துக் கையால் சுற்றினால் 0.02க்குள் நிற்க வேண்டும். கேஜ் இல்லையென்றால் 3 மி.மீ. நேர்ப் பிட்டால் எம்.டி.எஃப். (மரநார் அழுத்திய பலகை) துண்டில் ஆழமில்லாத ஒரு கோடு வெட்டி அகலத்தை அளவுங்கள். 3.2 மி.மீ. வந்தால் பிட் ஆடுகிறது என்று அர்த்தம்.

எந்த வேலைக்கு எந்தப் பிட்

வடிவங்கள் நூறு இருந்தாலும் கதவுப் பலகை, வாகன அலங்காரம், பெயர்ப்பலகை செய்யும் பட்டறைக்கு ஆறு பிட் போதும். 25 மி.மீ. அகலமான தளம் சமப்படுத்தும் பிட் ஒன்று, 6 மி.மீ. இரண்டு வாய் மேல்சுருள் ஒன்று, அதே அளவில் கீழ்சுருள் ஒன்று, 3 மி.மீ. உருண்டை முனை ஒன்று, 1 மி.மீ. முனையுள்ள கூம்பு உருண்டை ஒன்று. 60 பாகை வி-பிட் ஒன்று. எல்லாம் கார்பைட்டாக இருக்கட்டும். தேக்கில் உள்ள சிலிக்கா சாதாரண எச்.எஸ்.எஸ். (அதிவேக எஃகு) வாயை விரைவில் மழுக்கிவிடும், முதிரையின் கடினமும் அப்படியே. கீழே பேரிங் உள்ள கை ரவுட்டர்ப் பிட்களுக்கு இந்த மெசினில் வேலை இல்லை. நடுவில் வெட்டுவாய் இல்லாத நேர்ப் பிட்டை மரத்துக்குள் நேராக இறக்கினால் எரியும். சரிவாக இறங்கும்படி மென்பொருளில் அமைக்க வேண்டும்.

மேல்சுருள் ஆழத்துக்கு, கீழ்சுருள் மேற்பரப்புக்கு. மேல்சுருள் தூளை வெளியே தள்ளுவதால் வெட்டு சூடாகாது, ஆனால் மேல் விளிம்பில் சிலாம்பு பெயரும். கீழ்சுருள் விளிம்பைச் சுத்தமாக விடும், தூளைக் குழிக்குள் அமுக்கும். பனை மரத்தில் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். பனையின் கறுப்பு வைரநார்கள் மென்மையான சோற்றுக்குள் தனித்தனியாக நிற்பவை. மேல்சுருள் அவற்றை வெட்டாமல் பிடுங்கி எடுக்கும். பனைக்குக் கீழ்சுருள், கூர் மழுங்காத புதிய பிட், ஒரு தடவைக்கு 1–1.5 மி.மீ. ஆழம். வேம்பில் நார் ஒன்றையொன்று மாறிப் பின்னிக் கிடப்பதால் ஒரே பலகையில் ஒரு திசை வழுக்கிக்கொண்டு போகும், மறு திசை பெயரும். கடைசித் தடவையை 0.3 மி.மீ. மட்டும் விட்டு மெல்லியதாக எடுங்கள். முதிரைத் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பும் தடிப்பும் தரும். முகமூடியோடு முழுக்கைச் சட்டையும் போடுங்கள்.

புடைப்புச் செதுக்கலில் நேரத்தைத் தீர்மானிப்பது, பிட் அடுத்தடுத்து ஓடும் வரிகளுக்கிடையே உள்ள இடைவெளிதான். 300 × 300 மி.மீ. தாமரைப் பலகை ஒன்றை எடுத்துக்கொள்வோம். 1 மி.மீ. முனையை 0.1 மி.மீ. இடைவெளியில் ஓட்டினால் 3000 வரிகள், 9 இலட்சம் மி.மீ. பயணம். நிமிடத்துக்கு 1500 மி.மீ. வேகத்தில் 10 மணித்தியாலம். அதே பலகையை 3 மி.மீ. உருண்டையால் 0.3 மி.மீ. இடைவெளியில் ஓட்டினால் 3 மணி 20 நிமிடம், வரிகளுக்கிடையே மிஞ்சும் மேட்டின் உயரமோ 0.01 மி.மீ.க்கும் குறைவு. அரத்தாள் ஒரு தடவை போனால் மறைந்துவிடும். ஆகவே பலகை முழுவதையும் 3 மி.மீ. பிட்டால் முடித்து, இதழ் நுனி, முகம், நகை போன்ற இடங்களை மட்டும் எல்லைகட்டி 1 மி.மீ. பிட்டைக் கொடுங்கள். எல்லாவற்றையும் மிகச் சிறிய பிட்டால் ஓட்டுவது மெசினுக்கும் பிட்டுக்கும் வீண் தேய்மானம்.

கூம்பு உருண்டையின் அடி தடித்திருப்பதால் நேர் 1 மி.மீ. பிட்டைப் போல இலகுவில் முறியாது. ஆனால் பக்கத்துக்கு 5 பாகை கூம்பு என்றால் 15 மி.மீ. ஆழச் சுவர் மேலே 1.3 மி.மீ. சரிந்தே நிற்கும், செங்குத்துச் சுவர் வேண்டிய இடத்துக்கு இது ஆகாது. மென்பொருளில் பாகையைப் போடும்போது ஒரு பக்கத்துக் கோணமா மொத்தக் கோணமா கேட்கிறது என்று பாருங்கள். மாறிப் போட்டால் பிட் உங்கள் டிசைனின் சுவரைத் தின்றுவிடும்.

பெயர்ப்பலகைக்கு 90 பாகை வி-பிட்டை விட 60 பாகை ஏன் நல்லது? தமிழ் எழுத்தில் சுழிகள் அதிகம். ண, ஞ, ணை போன்றவற்றின் உள்ளே தீவுபோல நிற்கும் சிறு மரத்துண்டு முதலில் பெயர்வது. 60 பாகை முனை ஒடுங்கியதால் சுழியின் ஒடுங்கிய மூலைகளுக்குள் தெளிவாக இறங்கும். ஆழத்தைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்: 10 மி.மீ. அகலக் கோட்டுக்கு 90 பாகை 5 மி.மீ. இறங்கும், 60 பாகை 8.7 மி.மீ. இறங்கும். 12 மி.மீ. பலகையில் அது அதிகம். எழுத்தைச் சிறிதாக்குங்கள் அல்லது தட்டையான அடி வையுங்கள். சுழிகள் நெருங்கிய சிறிய எழுத்தென்றால் வெட்டும் முன் மரத்தில் சீலர் (மரத்தின் துளைகளை அடைக்கும் பூச்சு) ஒரு கை பூசிக் காயவிடுங்கள். நார் இறுகி நிற்கும்.

வேகமும் எரிதலும்

ஓட்ட வேகம் (பிட் மரத்தில் நகரும் வேகம்) = நிமிடத்துக்குச் சுற்று × வெட்டுவாய் எண்ணிக்கை × ஒரு வாய் எடுக்கும் சீவல். 6 மி.மீ. இரண்டு வாய் பிட், 16,000 சுற்று, 0.05 மி.மீ. சீவல்: நிமிடத்துக்கு 1600 மி.மீ. மரம் கறுத்தால் பலர் ஓட்டத்தைக் குறைப்பார்கள். கறுப்பு இன்னும் கூடும். பிட் ஒரே இடத்தில் உரசுவதால்தான் எரிகிறது. சுற்றைக் குறையுங்கள், இல்லையென்றால் ஓட்டத்தைக் கூட்டுங்கள். கடின மரத்தில் ஒரு தடவைக்குப் பிட் விட்டத்தின் பாதி ஆழம் போதும். 3018 மெசினில் 3.175 மி.மீ. பிட்டுக்கு 0.5–1 மி.மீ. போதும். கிரீச் என்று அதிர்ந்தால் பிட் வெளியே நீட்டியிருக்கும் நீளத்தைக் குறையுங்கள். நீளம் இரட்டித்தால் வளைவு எட்டு மடங்காகும்.

பிட் மாற்றிய ஒவ்வொரு முறையும் உயரப் பூச்சியத்தை (மெசின் உயரத்தை எண்ணத் தொடங்கும் இடம்) அதே புள்ளியில் திரும்ப எடுங்கள். அந்தப் புள்ளி செதுக்கப்படாத மூலையாக இருக்க வேண்டும். எக்ஸ், வை பூச்சியத்தைத் தொட வேண்டாம்.

யாழ்ப்பாணத்துக் கடற்காற்றில் கொலெட் சீக்கிரம் துருப்பிடிக்கும். வாரம் ஒருமுறை கழற்றி, மண்ணெண்ணெய் தொட்ட பித்தளைத் தூரிகையால் வேம்புப் பிசினையும் தூளையும் எடுத்து, உலரத் துடையுங்கள். எண்ணெய் பூசி வைப்பது வேலை இல்லாத நாட்களுக்கு மட்டும். பூட்டும் முன் கொலெட்டிலும் ஸ்பின்டிலின் கூம்பிலும் ஒரு துளி எண்ணெய்கூட இருக்கக் கூடாது. பிட்டைக் கழற்றும்போது தண்டில் பழுப்பு வளையம் தெரிந்தால் அது உள்ளே வழுக்கியிருக்கிறது. கொலெட்டின் வாய் விரிந்துவிட்டது. எவ்வளவு இறுக்கினாலும் இனி அது பிடிக்காது, மாற்றுங்கள்.