மட்டைத் தூள் மெஷின்: கத்தி தீட்டுவதும் இடைவெளி வைப்பதும்

தென்னை மட்டை நார் நாராக வெளியே வந்தாலோ, கையால் தள்ளினால்தான் உள்ளே போகிறது என்றாலோ இன்ஜினைக் குறை சொல்லாதீர்கள். கத்தி மழுங்கியிருக்கும், இல்லாவிட்டால் சுற்றும் கத்திக்கும் அடியில் அசையாமல் நிற்கும் எதிர்க்கத்திக்கும் இடையிலான இடைவெளி கூடியிருக்கும்.

முதலில் டிராக்டரை அணைத்து, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, டிராக்டரின் சுழற்சியை மெஷினுக்குக் கொண்டுவரும் பிடிஓ ஷாஃப்டைக் கழற்றுங்கள். இன்ஜின் நின்றாலும், கத்திகள் மாட்டியிருக்கும் கனமான ரோட்டார் வெகுநேரம் சுற்றும். அது முழுதாக நிற்காமல் மூடியைத் திறக்கவே கூடாது. திறந்ததும் மரக்கட்டை செருகி ரோட்டாரை அசையாமல் நிறுத்துங்கள். தோல் கையுறை கட்டாயம். ஒரு கத்தியைக் கழற்றும்போது ரோட்டார் சற்றே நகர்ந்தாலும் அடுத்த கத்தி விரலை எடுத்துவிடும்.

கத்தி முனையை வெயிலில் பிடித்துப் பாருங்கள். வெள்ளைக் கோடு மின்னினால் மழுங்கிவிட்டது. கூரான முனை மின்னாது.

சரிவுப் பக்கத்தை மட்டும் தீட்ட வேண்டும். புதுக் கத்தியின் சரிவு எத்தனை டிகிரியோ அதையே வையுங்கள். பெரும்பாலும் 30 முதல் 45 வரை இருக்கும். தட்டையான பக்கத்தில் பிசிறு எடுக்க எண்ணெய்க் கல் போதும். கிரைண்டரை அழுத்தாமல், அடிக்கடி தண்ணீரில் நனைத்துத் தீட்டுங்கள். முனையில் நீலம் பாய்ந்தால் இரும்பின் பதம் போயிற்று, பிறகு கூர் நிற்காது. எல்லாக் கத்தியிலும் ஒரே அளவு தேய்த்து, தராசில் எடை பாருங்கள். எடை வித்தியாசம்தான் அதிர்வைக் கொண்டுவந்து பேரிங்கைத் தின்கிறது. பழையதோடு புதுக் கத்தியைச் சேர்க்காமல் செட்டாக மாற்றுவதே நல்லது.

மாட்டும் இடத்தில் தூளோ பிசினோ ஒட்டியிருந்தால் கத்தி சாய்ந்து உட்காரும். சுரண்டித் துடையுங்கள். லாக் நட்டைப் புதிதாகப் போட்டு, கையேட்டில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் (முடுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) முடுக்குங்கள்.

இடைவெளிக்குக் கையேட்டில் உள்ள அளவுதான் கணக்கு. பல மெஷின்களில் அது 1 முதல் 1.5 மி.மீ. எதிர்க்கத்தியின் போல்ட்டைத் தளர்த்தி, ஃபில்லர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு கத்திக்கும் விட்டுப் பாருங்கள். எந்தக் கத்தி மிக அருகில் வருகிறதோ அதை வைத்தே அளவை நிறுத்த வேண்டும். போல்ட்டை இறுக்கும்போது எதிர்க்கத்தி நகரும், ஆகவே இறுக்கிய பின் மறுபடியும் அளக்க வேண்டும். இதைத் தவிர்ப்பவர்களே அதிகம். எதிர்க்கத்தியின் விளிம்பு உருண்டு போயிருந்தால் எந்த அளவில் வைத்தாலும் நார் அறுபடாது. திருப்பிப் போடும் வகையானால் புது விளிம்பை முன்னுக்குக் கொண்டுவாருங்கள்.

மரக்கட்டையை எடுத்துவிட்டு, ரோட்டாரைக் கம்பால் நெம்பி இரண்டு சுற்று சுற்றுங்கள். எங்கும் உரசாவிட்டால் மூடியைப் பூட்டி ஓட்டலாம். 'டக் டக்' என்று தட்டினால் உடனே நிறுத்துங்கள். கால் மணி நேரம் ஓடியதும் திரும்ப அணைத்து, ரோட்டார் நின்ற பிறகு எல்லா போல்ட்டையும் இன்னொரு முறை முடுக்கிப் பாருங்கள்.